ஜெபத்தில் தரித்திருப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் 6.30 மணிக்கு ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் எங்கள் லுத்தரன் சபை, மூன்று பேர் பெந்தெகொஸ்தே, புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வரும் கத்தோலிக்க அக்காமார் இரண்டு பேர். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் மனதில் இருக்கிற கேள்விகள் வெளியே வரும். அதிலும் அதிகம் கேட்கப்படுவது, எத்தனை நாள்தான் ஜெபிப்பது என்பது. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வேதத்தில் படித்ததையும் வாழ்ந்து பார்த்ததையும்தான் சொல்கிறேன்.

ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் ஆகாதா? ஒரு தடவை கேட்டுவிட்டு நம்பி விட்டுவிட வேண்டாமா?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். இயேசு போனார், ஜெபித்தார், சீஷர்களிடம் திரும்பி வந்தார், மறுபடி போனார். மூன்றாம் தடவையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அது அவிசுவாசம் என்று யாரால் சொல்ல முடியும்?

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று அவரே சொன்னதும் உண்மைதான். அங்கே அவர் கண்டிப்பது, வார்த்தைகளைக் கொட்டினால்தான் தெய்வம் கேட்கும் என்ற எண்ணத்தை. ராத்திரி ஜுரத்தில் கிடக்கும் பிள்ளை "அம்மா, அம்மா" என்று நூறு தடவை முனகும். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துதான் முனகும்.

அநீதியுள்ள நியாயாதிபதி உவமையைப் படித்தால், நச்சரித்தால்தான் கடவுள் தருவார் என்பதுபோல இருக்கிறதே?

லூக்கா 18-ல் வரும் கதை. ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. கடவுளுக்கும் பயப்படமாட்டான், மனுஷரையும் மதிக்கமாட்டான். அதே ஊரில் ஒரு விதவை, எனக்கு நியாயம் செய்யும் என்று அவனிடம் வந்துகொண்டே இருக்கிறாள். ரொம்ப நாள் அவன் அசையவில்லை. கடைசியில், இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டுகிறாளே என்று சொல்லி நியாயம் செய்கிறான். அந்த "அலட்டு" இருக்கிற இடத்தில் மூல கிரேக்கத்தில் இருப்பது குத்துச்சண்டைக்காரர்களின் சொல். கண்ணுக்குக் கீழே குத்தி வீங்கவைப்பது என்று அர்த்தம். கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண், பெரிய அதிகாரி ஒருவனை அப்படிப் பயப்பட வைத்திருக்கிறாள்.

கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று அலைந்தவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

ஆனால் கடவுள் அந்த நியாயாதிபதியைப் போன்றவர் என்று எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாகிவிடும். இப்படிப்பட்டவனே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், இரவும் பகலும் தம்மைக் கூப்பிடுகிற பிள்ளைகளுக்குக் கடவுள் செய்யமாட்டாரா? இயேசு கேட்பது இதுதான்.

எனக்கு இந்தக் கதையில் கண் போவது விதவையின் மேல். என் கணவர் காலமான பிறகு ஒரே ஒரு காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். அதனால்தானோ என்னவோ அவளை எனக்கு நன்றாகத் தெரிந்ததுபோல இருக்கும். அவளுக்கு வக்கீல் இல்லை, சிபாரிசுக்கு ஆள் இல்லை, கைக்கூலி கொடுக்கக் காசு இல்லை. வேறு ஒரு வாசல் இருந்திருந்தால் முதல் வாரமே அங்கே போயிருப்பாள். விடாமல் வந்தாள் என்றால் பிடிவாதக்காரி என்று நினைக்க வேண்டாம். போக்கிடம் இல்லாதவள். விடாத ஜெபத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். சில நாள் நம் ஜெபம் சீக்கிரம் நின்றுபோவதற்குக் காரணம், நமக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருப்பதுதான்.

கூட்டத்தில் "தரித்திருங்கள்" என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அப்படியென்றால் என்ன?

பழைய தமிழ் வேதாகமத்தில் ரோமர் 12:12 "ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்" என்று முடியும். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்திலும் மேல்வீட்டில் கூடியவர்கள் ஜெபத்தில் "தரித்திருந்தார்கள்" என்றே வரும். முப்பது வருஷம் தமிழ்ப்பாடம் நடத்தியவள் என்பதால் இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம். மாலை தரிப்பது, கருத்தரிப்பது, ஓரிடத்தில் தரித்து நிற்பது, எல்லாம் இந்த ஒரே சொல். நிலையில்லாத ஆளைப் பற்றி "கால் தரிக்காமல் அலைகிறான்" என்போம்.

அப்படியானால் ஜெபத்தில் தரிப்பது என்றால் அங்கே கால் ஊன்றி இருப்பது. உடுத்திய துணியோடு எங்கேயும் போவதுபோல ஜெபத்தோடு போவது. கர்ப்பிணிப் பெண் சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், பஸ்ஸில் போகிறாள். எது செய்தாலும் வயிற்றில் இருக்கிற பிள்ளை கூடவே இருக்கிறது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் சொன்னதற்கு 24 மணி நேரமும் முழங்காலில் இருங்கள் என்று அர்த்தம் இருக்க முடியாது. அவரே கூடாரம் செய்யும் வேலை பார்த்துச் சாப்பிட்டவர்.

நமக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு முன்னமே தெரியுமே. பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

மத்தேயு 6-ல், நீங்கள் கேட்பதற்கு முன்னமே பிதாவுக்குத் தெரியும் என்று இயேசு சொல்கிறார். சொல்லிவிட்டு, அதனால் கேட்காதீர்கள் என்று முடிக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே எப்படிக் கேட்பது என்று சொல்லித்தருகிறார். அந்த ஜெபத்தில் சாப்பாட்டுக்காக வருகிற விண்ணப்பம் ஒன்றே ஒன்று, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்". வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்லவில்லை, இன்றைக்கு என்றுதான் இருக்கிறது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவும் அப்படித்தான் இறங்கியது. காலையில் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கென்று எடுத்துவைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஓய்வுநாளைக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. தமிழில் அன்றாடங்காய்ச்சி என்று ஒரு சொல் உண்டு. அன்றன்று சம்பாதித்து அன்றன்று உலை வைக்கிறவன். அவனுக்கு நாளைக்குச் சேர்த்த அரிசி வீட்டில் இருக்காது. கடவுள் முன்னால் நாம் எல்லாருமே அன்றாடங்காய்ச்சிகள்தான். பேங்கில் பணம் இருப்பவரும் நாளைய மூச்சை இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. தினமும் கேட்பதில் நாம் யார் என்பது நமக்கு ஞாபகம் வருகிறது.

எத்தனை நாள் காத்திருப்பது? ஒரு கணக்கு வேண்டாமா?

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் மழைக்காக ஜெபித்தபோது வேலைக்காரனைக் கடல் பக்கம் பார்த்துவரச் சொன்னார். ஒன்றுமில்லை என்று வந்தான். ஏழு தடவை அனுப்பினார். ஏழாம் தடவைதான் கடலிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு சின்ன மேகம். அதற்கு முந்தின ஆறு தடவையும் அந்த வேலைக்காரன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று இந்தப் பகுதியை வாசித்தால் வேறு மாதிரி இருக்கும். கடலில் மேகம் எழும்பினால் எங்களுக்கு வயிறு கலங்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாள் ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடினோம். முந்திரித்தோப்பு மொத்தமும் போன ஒரு பெரியவர் எனக்கு முன் வரிசையில் இருந்தார். அவர் சத்தமாக ஜெபித்தது இரண்டே சொல், "ஆண்டவரே, இனி?" அதற்கு அன்று ராத்திரி பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பிறகு கன்று நட்டார். அது காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆயின.

கணக்கு கேட்கிறவர்களிடம் நான் மீன்பிடி தடைக்காலத்தைச் சொல்வதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகுகிற காலம் என்பதால் அந்தத் தடை. கரையில் படகுக்கு வர்ணம் பூசுவார்கள், வலையில் அறுந்த கண்களைப் பின்னுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கடலில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஒரே ஒரு வித்தியாசம், தடைக்காலத்துக்குத் தேதி இருக்கிறது. நம் காத்திருப்புக்குத் தேதி கொடுக்கப்படவில்லை. அது கஷ்டம்தான், கஷ்டமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வருஷக்கணக்கில் ஜெபித்தும் நடக்கவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். நான்கு வருஷம். அந்த நான்கு வருஷமும் நான் விடாமல் ஜெபித்தேன், சபையே ஜெபித்தது. மூன்றாம் வருஷத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் எங்கள் வீட்டுக்கு வந்து, ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது, அல்லது உங்களுக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் சுகம் தடைபடுகிறது என்றார். என் கணவர் படுக்கையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி முழுக்க அவர் தன் வாழ்க்கையில் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சாகக் கிடக்கிற மனுஷன் மேல் அந்தப் பாரத்தையும் ஏற்றியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது. 2016-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தயவுசெய்து நோயாளியிடம் போய் அப்படி யாரும் சொல்லாதீர்கள். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது நீங்க மூன்று தடவை வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்". பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. தம் பாடுகளை நினைத்து "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று ஜெபித்த இயேசுவும் மறுநாள் சிலுவையில் அதைக் குடித்தார்.

என் கணவர் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நான்கு வருஷமும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் விடவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

கேட்டது கிடைக்காமல் போனதே பதிலாக இருக்க முடியுமா?

சில சமயம் முடியும். எல்லா இடத்திலும் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது, அது ஆறுதல் என்ற பெயரில் வாயை அடைப்பதாகிவிடும். ஆனால் மோனிக்காவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தாய். மகன் அகுஸ்தீன் நல்ல அறிவாளி, ஆனால் விசுவாசத்தை விட்டு விலகிப்போனவர். அழுது அழுது ஜெபித்தார் மோனிக்கா. ஓர் ஆயரிடம் போய் மகனோடு பேசச் சொல்லி மன்றாடினார். அந்த ஆயர், இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார். 383-ல் அகுஸ்தீன் ரோமுக்குப் போக முடிவெடுத்தார். தாய் கார்த்தேஜ் துறைமுகம் வரை பின்னாலேயே வந்து தடுத்தார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று மகன் பொய் சொன்னார். அன்று ராத்திரி கரையோரத்தில் இருந்த ஒரு சிற்றாலயத்தில் மோனிக்கா விடிய விடிய ஜெபித்தார், மகன் போகக் கூடாது என்று. விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது.

கடற்கரையில் வாழ்கிற நமக்கு, போன படகைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதே இல்லை, பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்தக் கப்பல் ஏறியதால்தான் அகுஸ்தீன் ரோமுக்கும் பிறகு மிலானுக்கும் போனார். மிலானில் ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டார். 387 ஈஸ்டரில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். அதற்குள் மோனிக்காவும் அங்கே வந்து சேர்ந்திருந்தார். அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்துபோனார். அந்த ராத்திரி தாய் கேட்டதைக் கடவுள் தரவில்லை, அவர் எப்போதும் கேட்டுவந்ததைத் தருவதற்காக என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதினார். மோனிக்காவுக்கு இது அன்று காலை தெரியாது. கரையில் நின்ற அந்தக் காலையிலும் அவர் ஜெபத்தை விடவில்லை.

உபவாசம், முழு இரவு ஜெபம், நவநாள், பொருத்தனை இதெல்லாம் செய்தால் சீக்கிரம் கிடைக்குமா?

சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காகச் செய்யாதீர்கள். உபவாசம் நல்லது, பசி நம்மைச் சின்னவர்களாக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா மயங்கி விழுந்து பயந்துபோனோம்.

நவநாள் பற்றி எங்கள் புதுச்சேரி அக்காமார் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இயேசு விண்ணேறியதற்கும் பெந்தெகொஸ்தே நாளுக்கும் நடுவில் சீஷர்களும் மரியாளும் சேர்ந்து ஜெபித்த ஒன்பது நாள்தான் அதற்கு மாதிரி. வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போய்வருகிற அவர்கள், ஒன்பது நாள் முடிந்ததும் ஜெபத்தை மூட்டை கட்டிவைப்பதில்லை. பொருத்தனை நன்றியாக இருக்கட்டும். "நீர் இதைச் செய்தால் நான் அதைச் செய்கிறேன்" என்று பேரம் ஆக வேண்டாம்.

கடவுளையே சார்ந்திருக்கிறேன் என்றால் மருந்து, சிகிச்சை, கோர்ட்டு எல்லாம் எதற்கு?

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் வந்தார்கள். "ஜெபம்பண்ணி" காவலும் வைத்தோம் என்று ஒரே வசனத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்.

என் தம்பி குடிக்கு அடிமையாக இருந்தான். ஒன்பது வருஷம் அவனுக்காக ஜெபித்தோம். ஒன்பதாம் வருஷம் ஒரு ராத்திரி அவனே என் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, எங்கேயாவது கூட்டிட்டுப் போ" என்றான். தரிசனம் ஒன்றும் அவன் பார்க்கவில்லை. சிகிச்சைக்குக் கூட்டிப்போனோம், வெளியே வந்தான், மறுபடி குடித்தான், மறுபடி போனான். இன்றைக்கு அவன் குடிப்பதில்லை. "இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்" என்று அவன் சத்தியம் செய்வதும் இல்லை. காலையில் எழுந்ததும், "இன்னைக்கு மட்டும் காப்பாத்துங்க ஆண்டவரே" என்பான். நான் மேலே சொன்ன அன்றாடங்காய்ச்சி ஜெபத்தை அவனிடம்தான் கற்றேன்.

ஜெபிக்க வார்த்தையே வராத நாட்களில் என்ன செய்வது?

கணவர் போனபிறகு மூன்று மாதம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், உள்ளே இறங்காது. அப்போது 13-ம் சங்கீதத்தின் முதல் வரியை மட்டும் சொல்வேன், "கர்த்தாவே, எதுவரைக்கும்". அதுவும் முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருப்பேன். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதில் விடியல் வருவதில்லை. அப்படி ஒன்றையும் ஜெபமென்று வேதத்தில் சேர்த்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய இரக்கம்! வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது.

அந்த மூன்று மாதமும் வியாழக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. மற்றவர்கள் வந்து ஜெபித்தார்கள், நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவின் முன்னால் இறக்கிய நான்கு பேரை உங்களுக்குத் தெரியும். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் அன்று ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை.

வேலை, வீடு, பிள்ளைகள். நேரமே இல்லையே?

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறாள். கன்னியக்கோயில் வரை தன் பிள்ளைகளுக்காக ஜெபிப்பாள், கிருமாம்பாக்கம் வரை மாமியாருக்காக, தவளக்குப்பம் தாண்டினால் தன்னோடு வேலை செய்பவர்களுக்காக. அரியாங்குப்பம் வந்ததும் நன்றி. நின்றுகொண்டு போகிற நாளிலும் இது நடக்கும். பாட்டுச் சத்தம் அதிகமாக இருந்தால் ஊர்ப்பெயர்ப் பலகைதான் அவளுக்கு அடையாளம்.

எனக்காக ஜெபிப்பீர்களா?

கண்டிப்பாக. எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் பெயரை மட்டும் எழுதிப் போடுங்கள், காரியத்தை எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். வியாழக்கிழமை ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்து ஜெபிப்போம். காரியம் நடந்தால் வந்து சொல்லுங்கள், எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லலாம். நடக்காவிட்டாலும் வாருங்கள். டப்பாவில் ஆறு வருஷமாக இருக்கிற சீட்டு ஒன்று உண்டு, மடிப்பில் கிழிந்துபோய் டேப் ஒட்டியிருக்கிறோம். போன வியாழனும் அதை எடுத்து வாசித்தோம்.